மூடியில்லாத கூஜா எழுதியது

பாத்திரங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்த ஒரு காலத்தில், கும்பகோணத்துச் சமையலறை அலமாரி ஒன்றில் ஒரு பித்தளை டபரா இருந்தாள். அவளுக்கு ஜோடியாக ஒரு டம்ளரும் இருந்தான். ஆனால் இருவருமாகக் காப்பி ஆற்றிய வீடு வேறு. அவள் இப்போது இருந்த வீடு வேறு.

நடந்தது இதுதான். வத்சலாவின் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும்போது, செட்டுதானே, டபராவில் மட்டும் வெட்டினால் போதும் என்று வீட்டார் சொல்லிவிட்டார்கள். ஜோடி பிரியும் என்று அன்றைக்கு யார் கண்டார்கள்? மூன்று வருடம் கழித்து வத்சலாவுக்கு விவாகரத்து ஆனபோது, பெரியவர்கள் உட்கார்ந்து பெயரைப் பார்த்துப் பாத்திரங்களைப் பிரித்தார்கள். பெயர் இருந்த டபரா மூட்டையில் ஏறினாள். பெயர் இல்லாத டம்ளர் அங்கேயே நின்றுவிட்டான். நானும் அவளோடுதான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

புது அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் விசாரித்தபோது, "அவர் கழுவப் போயிருக்கார், வந்துடுவார்" என்றாள் டபரா. கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில். இரண்டு வருடம் ஓடிப்போயிற்று. அவன் உட்காரும் இடம் காலியாக இருக்க வேண்டுமே என்று, தனக்குள் எதை ஊற்றினாலும் சாய்ந்து கொட்டிவிடுவாள். வத்சலா சலித்துப்போய் அவளை மேல்தட்டில் கவிழ்த்து வைத்தாள். இப்படியே போனால் இவளைப் பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடுவார்கள் என்று அலமாரி முழுக்கப் பேச்சு.

அங்கே டபரா நம்பியது வடிகட்டி ஒருத்தியைத்தான். சக்கையைத் தன்னோடு வைத்துக்கொண்டு, தெளிந்ததை மட்டும் கீழே விடுகிறவள் அவள். எதையும் லேசில் நல்லது என்று சொல்லமாட்டாள். அந்த வடிகட்டி ஒரு மத்தியானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டம்ளரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பரண்ல ஒரு கூஜா இருக்கா. தன் கதையைத் தானே உடம்புல எழுதி வெச்சிருக்கா. நான் ரெண்டு தடவை படிச்சுட்டேன். நீயும் படி."

"அழுகைக் கதையாக்கா?"

"படிச்சுட்டு நீ சொல்லு."

டபரா பரணுக்குப் போனாள். கூஜாவுக்கு மூடி இல்லை. வயிற்றைச் சுற்றி ஆணியால் கீறிய பொடி எழுத்து. டபரா சுற்றிச் சுற்றி வந்து படித்தாள்.

'எனக்கும் என் மூடிக்கும் பதினேழு வருடம். ஒருநாள் அவன் வேறொரு கூஜாவுக்குப் பொருந்திவிட்டான். அவன் கெட்டவன் என்று எழுதத்தான் ஆணியை எடுத்தேன். எழுத வரவில்லை. அவன் திருகிய மரை இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அவன் கழுவப் போயிருக்கிறான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதை முதலில் நம்பியது நான். கடைசிவரை நம்பியதும் நான் மட்டும்தான்.'

டபராவால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. தன் பொய்யை, ஒரு வார்த்தைகூட மாறாமல், முன்பின் தெரியாத ஒருத்தியின் உடம்பில் பார்த்துவிட்டாள். இரண்டு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது. கூஜா, படிக்க வசதியாக வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான்.

"உனக்கு எப்பவோ தெரியுமாக்கா?" என்று கீழே வந்து வடிகட்டியிடம் கேட்டாள்.

"தெரியும். நான் சொல்லியிருந்தா நீ என்னோட பேச்சையே விட்டிருப்பே. அதான் அவகிட்ட அனுப்பினேன்."

மறுநாள் காலை டம்ளர்கள் எல்லாம் கழுவாமல் தொட்டியில் கிடந்தன. கேலி பேசுவதற்கென்றே பிறந்த ஒருவன் அங்கிருந்து குரல் கொடுத்தான்: "நாங்களும் கழுவத்தான் வந்திருக்கோம். உங்க வீட்டுக்காரரை இங்க காணோமே?"

"அவர் வரமாட்டார்," என்றாள் டபரா. "நாங்க பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு."



குடிக்க வேறு டம்ளர் இல்லாமல், வத்சலா மேல்தட்டிலிருந்து டபராவை இறக்கிக் கழுவினாள். கொதிக்கக் கொதிக்கக் காப்பியை நேராக அவளுக்குள் ஊற்றினாள். டபரா சாயவில்லை. எதிரில் நின்று வாங்கி ஆற்ற யாரும் இல்லாத காப்பி, ஆறுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதுவரை சூட்டைத் தாங்கிக்கொண்டு டபரா நேராக நின்றாள்.