ஓணானுக்குப் பெரியப்பா மகன்

கிட்ட வந்து உட்காருங்கள் பிள்ளைகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. நான் மெதுவாகத்தான் சொல்லுவேன். அடைகிடக்கிற பறவையைப் பற்றிப் பேசும்போது உரக்கப் பேசக் கூடாது.

ஒரு காட்டில் ஒரு கௌதாரி இருந்தது. காடு என்றதும் பெரிய மரத்தையும் ஓடைத் தண்ணீரையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தேரிக்காடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் குங்குமத்தைக் கொட்டி வைத்தது போலச் சிவப்பு மணல். அங்கொரு பனை, இங்கொரு உடைமரம். ஆடி மாதம் பிறந்துவிட்டால் காற்று இங்கே இருந்த மணல் மேட்டை அள்ளிக்கொண்டு போய் அங்கே வைத்துவிடும்.

அந்தக் காற்று மாதத்தில்தான் கௌதாரி ஓர் உடைமரத்தின் தூரில் குழி பறித்து, முட்டையிட்டு அடைகிடந்தது. முட்டைக்குள்ளிருந்து டொக் டொக் என்று கொத்துகிற சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. விடிந்தால் குஞ்சு. இனி எழுந்து போகவும் முடியாது, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. இரை தேடப் போன ஆண் கௌதாரியோ புழுதிக் காற்றில் திசை தெரியாமல் எங்கேயோ ஒதுங்கிவிட்டது.

அன்று காலையில் ஆட்காட்டிக் குருவி அலறிக்கொண்டு ஓடி வந்தது.

"அக்கா! என் முட்டை போச்சு அக்கா! தண்ணி குடிக்கப் போயிட்டு வாரதுக்குள்ள அத்தனையும் போச்சு!"

"ஓடு கிடக்கா?" என்று கேட்டது கௌதாரி.

"ஒரு சில்லுகூட இல்ல."

"மணல்ல தடம்?"

"இந்தக் காத்துல தடம் ஏது? எட்டத்துல ஒருத்தன் போனதைப் பாத்தேன். நாலு காலு, நீள வாலு, மண்ணு நிறம். கண்ணெல்லாம் புழுதி அக்கா. அதுக்கு மேல ஒண்ணும் தெரியல."

சொல்லிவிட்டு ஆட்காட்டி அழுதுகொண்டே பறந்து போனது.

பக்கத்துப் புதரிலிருந்து முயல் எட்டிப் பார்த்தது. முயலுக்குப் பயம் வந்தால் யோசனை வராது.

"நாலு காலு, நீள வாலு! அரணைதான் மதினி, சந்தேகமே இல்ல!" என்று துள்ளிக் குதித்தது. "அவன் மேனியைப் பாத்தீங்களா, எண்ணெய் தேச்ச மாதிரி மினுமினுன்னு! அப்படி மினுக்குறவன் நல்லவனா இருப்பானா?"

சருகுக்குள் படுத்திருந்த அரணையை முயல் விரட்டு விரட்டு என்று விரட்டியது. பாவம் அந்த அரணை, மூச்சிரைக்க ஓடி வந்து கௌதாரியின் காலடிச் சருகில் ஒளிந்தது.

"வாயைத் தொறடா தம்பி" என்றது கௌதாரி.

அரணை வாயைத் திறந்தது. சின்ன வாய்.

"பாரும் கொழுந்தனாரே. இதுக்குள்ள ஒரு புளியங்கொட்டை போவுமா? முழு முட்டை எப்படிப் போவும்?"

"நக்கி நக்கித் தின்னிருப்பான்."

"அப்போ ஓடு எங்க?"

"அதையும் நக்கியிருப்பான்!"

கௌதாரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. முட்டையை ஓடு உடையாமல் முழுசாக விழுங்குகிற வாய் ஒன்று இந்தப் பக்கம் சுற்றுகிறது. ஒரு கூட்டைக் காலி பண்ணியாயிற்று. அடுத்த கூடு எது என்று அதற்குத் தெரியாமலா இருக்கும்?

வெயில் உச்சிக்கு வந்தது. காற்று கொஞ்சம் அடங்கியது. அப்போது மணல் சரிவில் ஒரு தலை தெரிந்தது. பிறகு கழுத்து, பிறகு உடம்பு, பிறகு ஒரு நீள வால். நாலு காலால் மெல்ல மெல்ல நடந்து வந்து, உடைமர நிழலின் ஓரத்தில் நின்றது.

முயல் துள்ளிப் பின்வாங்கியது. "யா... யாரு?"

"பயப்படாதீங்க" என்றது வந்த ஆள். குரலில் வெல்லப்பாகு சொட்டியது. "நான் வேத்தாள் இல்ல. இங்க வேலியில இருக்கான்லா ஓணான், அவனுக்குப் பெரியப்பா மகன். இங்க முட்டை களவு போவுதுன்னு கேள்விப்பட்டேன். மனசு கேக்கல. காவலுக்கு ஒரு ஆம்பிளை வேண்டாமான்னு வந்துட்டேன்."

முயல் வேலியைத் திரும்பிப் பார்த்தது. அங்கே முள்ளுக் கொப்பில் ஓணான் உட்கார்ந்து எறும்பு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"ஏலே ஓணான்! இவரு உன் அண்ணனா?"

ஓணான் தலையை ஆட்டியது.

"பாத்தீங்களா மதினி! ஆமாங்கான்!"

கௌதாரி ஓணானைப் பார்த்துக் கேட்டது: "தம்பி, இவரை நீ முன்னப்பின்னப் பாத்ததே கிடையாதுதானே?"

ஓணான் அதற்கும் தலையை ஆட்டியது.

"நீ ஒரு யானைதானே?"

அதற்கும் ஆட்டியது.

"விடுங்க மதினி" என்றது முயல். "முதல்ல ஆட்டுனதுதான் கணக்கு."

வந்த ஆள் ஓரடி முன்னால் வைத்தது. கௌதாரி அதன் கழுத்தைப் பார்த்தது. ஓணானுக்குப் பிடரியில் சீப்புப் பல் மாதிரி முள் நிற்கும். இந்தக் கழுத்து மழமழவென்று, தோல் மடிந்து தொங்கியது. உடம்பில் மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள்.

"பிடரியில முள்ளைக் காணோமே அண்ணாச்சி?" என்று மெதுவாகக் கேட்டது கௌதாரி.

வந்த ஆள் பதில் சொல்லுமுன் முயலே முந்திக்கொண்டது. "எங்க மாமாவுக்கும் முன்மயிரு கொட்டிப்போச்சு மதினி. இதெல்லாம் கேக்கலாமா?"

"மேலெல்லாம் மஞ்சப் புள்ளி?"

"அம்மை போட்டிருக்கும்."

"ஆமா தங்கச்சி, அம்மைதான்" என்று வந்த ஆளும் ஒத்துக்கொண்டது. இன்னும் ஓரடி முன்னால் வைத்தது.

கௌதாரி முயலின் காதருகே அலகைக் கொண்டுபோனது. "கொழுந்தனாரே, இவன் உடும்பா இருந்தா என்ன செய்வீரு?"

"உடும்பா?" என்று முயலும் கிசுகிசுத்தது. "நல்லாச் சொன்னீங்க! உடும்பு பனங்கட்டைத் தண்டி இருப்பான். இவன் முழங்கைத் தண்டிகூட இல்ல."

"அந்தப் பனங்கட்டையும் ஒருநாள் சின்ன வடலியா இருந்துதானே வளந்து வந்திருக்கும்?"

முயலின் காது விறைத்தது. ஆனால் அதற்குக் காவல்காரன் வேண்டும். வேண்டும் என்று இருக்கிறவனுக்கு எதைச் சொன்னாலும் ஏறாது. "இல்ல மதினி, பாவம் நல்லவனா இருக்கான்" என்று முனகியது.

இன்னும் ஒன்றையும் கௌதாரி கவனித்தது. வந்ததிலிருந்து அந்த ஆள் வாயைத் திறந்து பேசவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டோரமாகவே பேசியது.

"வாயில என்ன அண்ணாச்சி, புண்ணா?"

"முள்ளு குத்திட்டு தங்கச்சி. அதை விடு. நீ எத்தனை நேரமா இப்படியே கிடக்க? தொண்டை காயுமே. எந்திரிச்சுப் போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா. அதுவரைக்கும் நான் இங்க உக்காருதேன்."

இன்னும் ஓரடி. இப்போது இடையில் ஒரு பாய் அகலம்தான் இருந்தது.

கௌதாரியின் வயிற்றுக்கடியில் குஞ்சுகள் கொத்திக்கொண்டே இருந்தன. 'நீ உடும்புதான்' என்று முகத்துக்கு நேரே சொன்னால் அடுத்த நொடியே பாய்ந்துவிடும். கௌதாரி இறக்கையால் அடிக்கலாம், அலகால் குத்தலாம். அதற்குள் இரண்டு முட்டையாவது போய்விடும். இரண்டும் இரண்டு பிள்ளை இல்லையா? சும்மா இருந்தாலோ இன்னும் நாலு அடி வைத்து வந்துவிடும்.

கௌதாரி ஒரு தடவை வானத்தைப் பார்த்தது. பிறகு, எதிரே வெயிலில் தகதகவென்று கிடந்த வெட்டவெளியைப் பார்த்தது. அங்கே ஒரு புல் இல்லை, ஒரு புதர் இல்லை.

அந்த வெட்டவெளியில் ஒரு பொருள் கிடந்தது. அதைக் கௌதாரி மட்டும்தான் அறியும். இட்ட முட்டைகளில் ஒன்று கூமுட்டை. மற்றதெல்லாம் டொக் டொக் என்கையில் அது மட்டும் ஊமையாகக் கிடந்தது. முந்தின நாள் அதைக் கௌதாரி கூட்டிலிருந்து வெளியே தள்ளிவிட்டது. உருண்டு போய் வெட்டவெளியில் நின்ற முட்டையைக் காற்று மணலால் மூடிவிட்டது.

"அண்ணாச்சி, உங்க நல்ல மனசுக்கு நான் எந்திரிச்சு இடம் விடணும்தான்" என்றது கௌதாரி. "ஆனா காவல்னா சும்மாவா? கண்ணு கூர்மையா இருக்கணும். நேத்து என் முட்டை ஒண்ணு உருண்டு போச்சு. மண்ணு மூடிட்டு. எங்கன்னு தெரியல. ஓணானும் தேடட்டும், நீங்களும் தேடுங்க. யாரு எடுக்காகளோ அவுகதான் காவல். நான் கூட்டை விட்டு எந்திரிச்சிருதேன். கொழுந்தனார் சாட்சி."

முயல் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தியது. ஓணான் தலையை ஆட்டியது.

வந்த ஆளின் தொண்டை ஏறி இறங்கியது. மண்ணுக்குள் ஒன்று, கூட்டுக்குள் அத்தனை. "சரி தங்கச்சி. பேச்சு மாறக் கூடாது."

"மாறமாட்டேன்."

ஓணான் முதலில் போனது. உயரமான முள்ளுக்கொப்பின் நுனியில் ஏறி நின்றுகொண்டு, ஒரு கண்ணை இந்தப் பக்கமும் ஒரு கண்ணை அந்தப் பக்கமுமாக உருட்டி உருட்டிப் பார்த்தது. மணல்தான் தெரிந்தது. ஒரு எறும்பு போனது. ஓணான் டபக்கென்று இறங்கி எறும்பைப் பிடித்துத் தின்றுவிட்டு, முட்டையை மறந்துபோனது.

வந்த ஆள் நிழலை விட்டு இறங்கியது. நாலடி போய் நின்றது. காற்று அதன் மூக்குக்கு நேரே எதையோ கொண்டுவந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் இறுக்கிப் பிடித்திருந்த வாய் அதற்குமேல் நிற்கவில்லை. உதடு விலகியது. உள்ளேயிருந்து நாக்கு வெளியே வந்தது.

நீளமான நாக்கு. நுனியில் இரண்டாகப் பிளந்த நாக்கு. பாம்பு நீட்டுகிற மாதிரி நீட்டி, காற்றைத் துழாவி, மணலைத் தொட்டு, உள்ளே இழுத்து, மறுபடி நீட்டியது. இடப்பக்கமும் பார்க்கவில்லை, வலப்பக்கமும் பார்க்கவில்லை. கயிறு கட்டி இழுத்த மாதிரி வெட்டவெளியின் நடுவுக்கு நேராகப் போய் நின்று, முன்னங்காலால் வறட் வறட் என்று மணலைப் பறித்தது.

"கொழுந்தனாரே" என்றது கௌதாரி. "ஓணான் எதால தேடினான்?"

"கண்ணால."

"இவன்?"

முயலின் வாய் கோணிப்போனது. "நா... நாக்கால. உடும்பு! மதினி, உடும்பு!"

உடும்பு அங்கிருந்தபடியே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? வாயை விரியத் திறந்தே பேசியது.

"ஆமாலே, உடும்புதான்! இப்ப என்ன? ஆட்காட்டி முட்டை காலைப் பலகாரம். இது மத்தியானத்துக்கு. தங்கச்சி, பேச்சு மாறமாட்டேன்னு சொல்லியிருக்க. இதை முழுங்கிட்டு வாரேன், எந்திரிச்சு நில்லு. எந்திரிக்காட்டா உன்னையும் சேத்துப் பாத்துக்கிடுதேன்!"

சொல்லிவிட்டுத் தலையைக் குழிக்குள் விட்டது. கழுத்து வரை மணலுக்குள்ளே, வால் வெளியே.

"நான்தான் இவனை நல்லவன்னு சொன்னேன், நான்தான் மதினி!" என்று முயல் அழுதது. "ஓடிருவோம்! நீங்களாவது பொழைச்சுக்கிடுங்க!"

கௌதாரி அசையவில்லை. அதன் கண் உடும்பின் மேல் இல்லை. உடும்புக்கு அப்பால், வெட்டவெளியின் கோடியில் இருந்தது.

அங்கே மணல் மேல் ஒரு நிழல் வந்துகொண்டிருந்தது.

மேகம் இல்லாத வானத்தில் ஏது நிழல்? இராசாளிப் பருந்து! உச்சிவெயிலில் வெட்டவெளிக்கு மேலே வட்டம் போடுவது அதன் வழக்கம். தேரிக்காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு பிள்ளைகளா. இராசாளி நிழலை முதலில் யார் பார்த்தாலும் சத்தம் கொடுக்க வேண்டும். பறவை என்றால் கூவ வேண்டும், முயல் என்றால் தரையை உதைக்க வேண்டும். பக்கத்தில் நிற்பது பகையாளி என்றாலும் சரிதான். சத்தம் கேட்டதும் எல்லாரும் புதருக்குள் பாய்ந்துவிடுவார்கள்.

ஓணான்கூடத் தலையாட்டாமல் கொப்போடு கொப்பாக ஒட்டிக்கொண்டது. அரணை சருகுக்குள் இன்னும் ஆழமாகப் புதைந்தது. தலையைக் குழிக்குள் விட்டிருந்த உடும்பு மட்டும் நிழலைப் பார்க்கவில்லை, வெட்டவெளியில் வறட் வறட் என்று மணலைப் பறித்துக்கொண்டே இருந்தது. நிழல் ஒரு சுற்றுச் சுற்றியது. வட்டம் சின்னதானது. இன்னும் சின்னதானது.

பழக்கதோஷம், முயலுக்குப் பின்னங்கால் தானாகவே மேலே எழுந்தது.

கௌதாரி ஓர் இறக்கையை நீட்டி அந்தக் காலை மெல்ல அமுக்கிப் பிடித்துக்கொண்டது. மறு இறக்கையை முட்டைகள் மேல் விரித்தது. தொண்டை வரை வந்துவிட்ட கூவலை விழுங்கிவிட்டு, அலகை இறுக மூடிக்கொண்டது.

நீதி: வருகிறவன் சொல்கிற உறவைக் கேட்டு அவனை எடை போடாதே, அவன் பசி எதைத் தேடிப் போகிறது என்று பார்த்து எடை போடு.