பல் விதைத்த சாத்தன்

முன்னொரு காலத்தில், கடற்கரை நாடு ஒன்றில், காதில் விழுந்த கதையை எல்லாம் நம்பிவிடும் ராஜா ஒருவர் இருந்தார். விசித்திரசேனர் என்று பேர். ஒருநாள் யவன வணிகன் ஒருவன் மதுச்சாடிகளோடு ஒரு கதையையும் கொண்டுவந்து இறக்கினான். அவர்கள் தேசத்தின் ஆதிராஜா காத்மோஸ், பெரிய நாகம் ஒன்றைக் கொன்று அதன் பற்களை உழுத நிலத்தில் விதைத்தானாம். வேலும் கவசமுமாக வீரர்கள் முளைத்தார்களாம். அவர்களை வைத்தே ஒரு நகரத்தை உண்டாக்கினானாம். அந்த நாகத்தின் மிச்சப் பல் என்று ஒரு பையையும் காணிக்கையாக வைத்தான். பார்த்தால் முதலைப் பல்!

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உடனே விதையுங்கள்! நாமும் ஆதிராஜா ஆக வேண்டும்!"

சேனாதிபதி வில்லவராயர் எழுந்தார். அவர் போர்ப் பிரதாபம் பேசினால் ராஜா கொட்டாவி விடுவார். விதூஷகன் சாத்தன் தும்மினாலும் சிரிப்பார். அந்த எரிச்சல் சேனாதிபதிக்கு வெகுநாளாக உண்டு.

"மகாராஜா, விதைப்புக்குக் கைராசி முக்கியம். சாத்தனாரின் கைராசி ஊரறிந்தது. அவரே விதைக்கட்டும். ஏழு நாளில் முளைக்காவிட்டால் நாடு கடத்திவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்!"

இந்த ஊரை விட்டுச் சாத்தன் எங்கே போவான்? "முதலைப் பல்லை நட்டால் முதலைகூட முளைக்காதே!" என்று அவன் மனைவி நங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

விதைத்த கையோடு சாத்தன் அந்த யவன வணிகனைத் தேடித் துறைமுகத்துக்கு ஓடினான். "ஐயா, முளைத்த வீரர்கள் அப்புறம் என்ன ஆனார்கள்?"

"தங்களுக்குள் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். ஐந்து பேர்தான் மிஞ்சினார்கள்."

சாத்தன் அந்த வணிகனைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான்.

ஏழாம் நாள் காலை ராஜா பரிவாரத்தோடு வந்தார். வயலில் ஒரு புல்கூட இல்லை. வரப்போரம் புதிதாக ஒரு கொட்டகை, அதற்குள் தடால் தடால் என்று சத்தம்.

"மகாராஜா, யவனக் கதைப்படியே ஆயிற்று," என்றான் சாத்தன். "முளைத்த வீரர்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். மிஞ்சிய ஐவர் உள்ளே இருக்கிறார்கள். தங்களை அடக்குகிற சேனாதிபதிக்குத்தான் பணிவார்களாம்."

"சேனாதிபதியாரே, உள்ளே போம்!" என்றார் ராஜா.

வில்லவராயர் கதவில் காதை வைத்தார். கதவு அதிர்ந்தது; அவர் மீசையும் அதிர்ந்தது. "மகாராஜா, சத்தியமாக ஐந்து வீரர்கள்! கவசம் உரசுவதுகூடக் கேட்கிறது! ஐவரோடு ஒருவன் பொருதுவது யுத்த தர்மம் அன்று!"

"ஆக, முளைத்தது உண்மைதானே?" என்றான் சாத்தன்.

"உண்மை! என் வாள்மேல் ஆணை!"

அடுத்த இடியில் தாழ்ப்பாள் தெறித்தது. சீறிக்கொண்டு வெளியே பாய்ந்தன ஐந்து சண்டைக் கிடாக்கள்! வில்லவராயர் வயலை மூன்று சுற்று ஓடினார். நாலாவது சுற்றில் கிடா ஒன்று அவரை வரப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிவைத்தது.

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று உருண்டது. "முளைத்தது என்று சேனாதிபதியே ஆணையிட்டுச் சொல்லிவிட்டார். இனி உன்னை எப்படி நாடு கடத்துவது?" என்று தம் முத்துமாலையைக் கழற்றிச் சாத்தன் கழுத்தில் போட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்த ஐவரை வைத்து நாம் புது நகரம் உண்டாக்க முடியாது, சாத்தா. நீ இல்லாமல் இந்தப் பழைய நகரத்தில் ஒரு நாளும் இருக்க முடியாது."