தலையில்லாத ஓலை

ரொம்ப காலத்துக்கு முன்னே மருதவேந்தன்னு ஒரு ராஜா நாடாண்டாரு. நல்ல மனுஷன்தான், ஆனா புகழ்ச்சின்னா பாயசம் கண்ட பிள்ளைதான். அவருக்கு வர்ற ஓலையை எல்லாம் சோதிக்க சிங்கப்பிள்ளைன்னு ஒரு அதிகாரி. அப்பப்பா, அவர் போட்ட சட்டம் இருக்கே! ஓலையில முதல்ல வாழ்த்து, அடுத்து ஊர்ப்பேர், அப்புறம் கோரிக்கை, கடைசியில கையெழுத்து. வரிசை தப்பினா ஓலை சபைக்குள்ளேயே போகாது.

கொக்குளத்து ஏரிக்கரையில விரிசல் விட்டுப்போச்சு. மழை வேற விடாம பெய்யுது. கரை உடைஞ்சா ஊரே தண்ணியில! மடைக்காரி குருவம்மா பதறிப்போய், "கரை உடையுது, ஆள் அனுப்புங்க"ன்னு எழுதிக்கிட்டு ஓடினா.

"வாழ்த்தே இல்லை, தலையில்லாத ஓலை"ன்னு திருப்பிட்டாரு சிங்கப்பிள்ளை.

ஊர்ப்பேருக்குக் கீழே வாழ்த்து எழுதிக் கொண்டுபோனா. "தலை இடுப்பில இருக்கு, போ!"

மூணாவது ஓலையில வரிசை சரி. ஆனா கோரிக்கை ரெண்டு வரி. "கோரிக்கை ஒரு வரிக்கு மேல போகக் கூடாது, தெரியாதா?"

குருவம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கிட்டு வந்துச்சு. அடக்கிக்கிட்டுக் கேட்டா: "ஐயா, வாழ்த்துக்கு எத்தனை வரி?"

"வாழ்த்துக்கு ஏதம்மா எல்லை? நூறு வரிகூட எழுது. புகழ்ச்சியா இருக்கணும், அவ்வளவுதான்!"

அடுத்த நாள் நாலாவது ஓலையோட குருவம்மா வந்தா. எல்லாம் வரிசையா இருக்குன்னு சிங்கப்பிள்ளை முத்திரை குத்தி, அவளையும் உள்ளே விட்டு, சபையில வாசிச்சாரு.

"கொக்குளத்து ஏரிக்கரை விரிசல் விட்டதும், சாப்பாட்டையும் மறந்து, ஆயிரம் ஆளோடு ஓடிவந்து, தன் தலையிலே மண் சுமந்து ஊரைக் காத்த எங்கள் மருதவேந்தரே வாழ்க! ஊர், கொக்குளம். கோரிக்கை, மேலே சொன்னது மெய்யாகட்டும். கையெழுத்து, மடைக்காரி குருவம்மா."

ராஜா மீசையைத் தடவினாரு. "ஆகா! அருமை! ஆமா... இதை நான் எப்போ செஞ்சேன்?"

"இன்னும் செய்யலை மகாராஜா. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள செஞ்சா வாழ்த்து, இல்லேன்னா ஊரோட சாவு ஓலை" என்றாள் குருவம்மா.

"பிள்ளைவாள், நடக்காததை எப்படி உள்ளே விட்டீர்?" என்றார் ராஜா.

"உறுப்பெல்லாம் சரியா இருந்துச்சு மகாராஜா. அதுல என்ன சொல்லியிருக்குன்னு நான் பார்க்கிறதில்லையே" என்று குழைஞ்சாரு சிங்கப்பிள்ளை.

முன்னே திருப்பின மூணு ஓலையையும் நீட்டி, திருப்பின காரணத்தையும் வரிக்கணக்கையும் குருவம்மா சொன்னா. படிச்சதும் ராஜாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. "என் புகழுக்கு நூறு வரி, ஊர் உசுருக்கு ஒரு வரியா? தப்பு என் மேலயும்தான்" என்று எழுந்தவர், சிரிச்சுட்டாரு. "புகழ்ந்தே வேலை வாங்கிட்டியே அம்மா! இனிமே ஓலையில முதல்ல கோரிக்கை. இடம் மிஞ்சினா வாழ்த்து. அந்தச் சட்டத்தை நீயே எழுது, உனக்குத்தான் அதிகாரம். எடுங்கடா மண்வெட்டியை!"

ராஜாவும் ஆளுங்களும் மண் சுமந்து கொட்ட, பொழுது சாயறதுக்குள்ள விரிசல் அடைபட்டுக் கரை நின்னுடுச்சு. கொட்டும் மழையில ஊரே குலவை போட, ராஜா திரும்பிப் பார்த்தாரு. சிங்கப்பிள்ளை முழங்கால் சேத்துல, மண்கூடையோட தள்ளாடிக்கிட்டு வந்தாரு.

"தலையில கூடை, இடுப்பில துண்டு, சேத்துல கால். உறுப்பெல்லாம் வரிசையா இருக்கு குருவம்மா. இவரை உள்ளே விடலாமா?" என்றார் ராஜா.

"இன்னும் நாலு கூடை சுமக்கட்டும் மகாராஜா, அப்புறம் முத்திரை குத்தலாம்!" என்றாள் அவள்.