கும்பிட்ட மீன்கள்

கோடையில் ஓர் ஆறு வற்றிப்போனது. மருத மரத்தடியில் ஒரே ஒரு மடு மிஞ்சியது. பிழைத்த மீன்களெல்லாம் அந்தப் பள்ளத்தில் ஒதுங்கின. மடுவுக்கு ஒரு நீர்நாய் காவல்.

இந்த நீர்நாயை ஒரு நரி ஏமாற்றியதைக் கேட்டால் வயிறு குலுங்கச் சிரிப்பீர்கள். ஆனால் அவசரப்படாதீர்கள்! சிரிப்பு கொஞ்சம் தள்ளி இருக்கிறது.

புதுவெள்ளம் வரும்வரை மடுவில் யாரும் வாய் வைக்கக் கூடாது. அது ஆற்றுப் பிராணிகளின் கட்டுப்பாடு. மடு மீன் பிழைத்தால்தான் மழைக்குப் பிறகு ஆறு முழுக்க மீன். காவல்கார நீர்நாயே நண்டு தின்றுதான் நாளைக் கடத்தியது. அதற்கு ஒரே குட்டி. குட்டி குடிப்பதும் குளிப்பதும் அந்த மடுவில்தான்.

நரி மெதுவாக வந்தது.

"மாமா! வெயில்ல காயறீங்களே. உங்களுக்கு இந்த மீனுங்க ஒரு கும்பிடாவது போடுதா?"

நீர்நாய் யோசித்தது. "இல்லையே!"

"நன்றி கெட்ட ஜென்மங்க! ஒரு மருந்து வச்சிருக்கேன். தண்ணியில போட்டா மரியாதை தானா வரும்."

அது மருந்தில்லை, காட்டு மருக்காரைக் காய். நசுக்கிப் போட்டால் மீன் மயங்கிச் சாகும். காட்டுப்பக்கமே போகாத நீர்நாய்க்கு அது தெரியாது.

"சரி, போடு!" என்றது.

தண்ணீர் நுரைத்தது. மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. நரி புதருக்குள் ஓடி ஒளிந்தது. அங்கிருந்து மீன்களுக்காக அதுவே குரல் கொடுத்தது: அயிரைக்குக் கீச்சுக் குரல், கெளுத்திக்கு மீசை வைத்த குரல்!

"காவல்காரர் வாழ்க!"

"எங்க சாமி வாழ்க!"

பிறகு மீன்கள் ஒவ்வொன்றாக மல்லாந்தன.

"பாருங்க மாமா, சாஷ்டாங்க நமஸ்காரம்!" என்றபடி நரி வெளியே வந்தது.

"மல்லாக்கப் படுத்தா?"

"மீனுங்க வழக்கம் அப்படித்தான்!"

நீர்நாய் நெஞ்சை நிமிர்த்தியது. முன்னங்காலைத் தூக்கியது. செத்துக்கொண்டிருந்த மீன்களைப் பார்த்துச் சொன்னது: "தீர்க்காயுசா இருங்க!"

இதுதான் அந்தச் சிரிப்பு. சிரித்தாயிற்றா? மேலே கேளுங்கள்.

"கும்பிட்டுக் களைச்சிட்டாங்க. மேல ஒரு குளிர்ந்த குட்டையில விட்டுட்டு வரேன்" என்றது நரி.

"வாயில கவ்விக்கிட்டா?"

"எனக்குக் கை ஏது மாமா!"

தினமும் காய் விழுந்தது. தினமும் கும்பிடு நடந்தது. கண் எரிந்து கரையேறிய ஆமை கத்தியது: "அண்ணே, தண்ணி சரியில்ல! காயைப் போட விடாதீங்க!"

"உனக்குக் கும்பிடத் தெரியல. அதான் வயித்தெரிச்சல்!" என்று நீர்நாய் எரிந்து விழுந்தது.

ஆமை மடுவை விட்டு மணலில் நடந்தது. கொக்குகள் பறந்துபோயின. நீர் குடிக்க வந்த மான்கள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. கடைசியில் கும்பிட ஒரு மீனும் இல்லை. அன்றே நரி கீழ்க்கரைக்குப் போய், இன்னொரு மடுவின் நீர்நாயை "மாமா!" என்று கூப்பிட்டது.

மறுநாள் காலை. மடுவோரத்தில் குட்டி மல்லாந்து கிடந்தது.

நீர்நாய் சிரித்தது. "அடேய், அப்பனுக்கே நமஸ்காரமா? போதும், எழுந்திரு!"

குட்டி எழவில்லை.

"எழுந்திருடா கண்ணு!"

மூக்கால் புரட்டிப் பார்த்தது. குட்டியின் வாயோரம் மடுவின் நுரை. அப்போதுதான் நீர்நாய்க்கு உறைத்தது: இதுவரை கும்பிட்டவர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவே இல்லை.

புகழ்ச்சியில் மயங்கி ஆற்றில் நஞ்சு கலக்க விடுகிறவன், தன் பிள்ளை குடிக்கும் தண்ணீரில்தான் அதைக் கலக்கிறான்.