அமைச்சருக்கு வந்த ஓட ஆசை

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைப் பொன்மாறன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். மனசு தங்கம்தான். ஆனால் காலையில் "கூரையைப் பிரியுங்கள், வெளிச்சம் வரட்டும்" என்பான், மாலையில் "ஏன் ஒழுகுகிறது?" என்று கேட்பான். இந்த இரண்டுக்கும் நடுவே நின்று இருபத்தெட்டு வருஷம் நாட்டைக் காப்பாற்றியவர் அமைச்சர் திருமேனியார்.

ஒருநாள் அவர் அக்கரை ஊரில் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டு ஓடத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆற்றில் இதமான காற்று. ஓடக்காரன் பேச்சிமுத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே கோலை ஊன்றினான்.

"பேச்சிமுத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க முடிந்தால் நான் உன் தொழிலுக்குத்தான் வருவேன்" என்றார் அமைச்சர். "ஏறினவனை அக்கரையில் இறக்கிவிட்டால் உன் வேலை முடிந்தது. என் வேலை என்றைக்கு முடிந்தது?"

"வெயிலில் முதுகுத்தோல் உரியுமே, சாமி."

"உரிந்தால் முளைக்கும். என் வேலையில் போனால் தலை போகும், அது முளைக்காது."

ஓடத்தின் மறுகோடியில் படைத்தலைவர் கடம்பராயர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்தான் மூடியிருந்தது, காது திறந்தே இருந்தது. அமைச்சரின் ஆசனத்தின்மேல் பத்து வருஷமாக அவருக்கு ஒரு நோட்டம். கரை ஏறியதும் நேரே அரசனிடம் போனார்.

"அரசே, தங்களிடம் அமைச்சராக இருப்பதைவிட ஓடம் தள்ளுவதே மேல் என்கிறார் திருமேனியார்."

அரசனுக்கு முகம் சிவந்துவிட்டது. அமைச்சரை வரவழைத்தான்.

"மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் நீர் என்ன ஆவீர்? நாளைக் காலை சபையில் பதில் சொல்லும். மறுபடியும் அமைச்சராகவே இருப்பேன் என்றால், பொய் சொன்னதற்குச் சிறை. ஓடக்காரன் ஆவேன் என்றால், நன்றி கெட்டதற்குச் சிறை."

அமைச்சர் கைகூப்பினார். எத்தனையோ பேருடைய தலையைக் காப்பாற்றிய வாய்தான். இப்போது தன் தலைக்காகத் திறந்தது.

"ஒரு விண்ணப்பம், அரசே. குற்றம் என்றால் எல்லோருக்கும் பொது. சபையில் உள்ள அத்தனை பேரையும் இதே கேள்வி கேட்போம். அவரவர் விருப்பத்தை ஓலை எழுதும் சிங்காரத்தின் காதில் சொல்லட்டும். அவர் பெயர் போடாமல் எழுதட்டும். கடம்பராயரே சபையில் வாசித்துத் தண்டனையும் சொல்லட்டும். அவர் வாக்குக்கு நானும் கட்டுப்படுகிறேன்."

அரசனுக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. கடம்பராயருக்கோ கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. மீசையை நீவிக்கொண்டே போனார்.

அவர் தலை மறைந்ததும் அமைச்சர் மெல்லக் கேட்டார். "தாங்களும் ஓர் ஓலை போட்டால் என்ன, அரசே? பெயர்தான் இல்லையே."

அரசன் வாசலை ஒருமுறை பார்த்தான். பிறகு சிங்காரத்தை அருகே அழைத்து, அவர் காதில் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தான். என்ன சொன்னான் என்பது அமைச்சருக்குக் கேட்கவில்லை. 'அரசனாகவே இருப்பேன்' என்று சொல்லியிருந்தால் தன் கதை அதோடு முடிந்தது என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. கடம்பராயர் ஓலைகளை எடுத்தார்.

"'நாயனம் வாசிப்பேன்.' சோறு இங்கே, ஆசை நாயனத்தின் மேலா? பத்துக் கசையடி." அடுத்தது. "'ஆடு மேய்ப்பேன். ஆடுகள் மேல்முறையீடு செய்வதில்லை.' இருபது."

நீதிபதி குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"'ஏழு பிறவியிலும் அரசருக்குப் படைத்தலைவனாகவே இருப்பேன்.' ஆகா, இதுவல்லவா விசுவாசம்" என்று உருகினார் கடம்பராயர். அது யார் ஓலை என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஓலையைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார். "'கரும்பாலையில் வெல்லம் காய்ச்சுவேன். பாகைத் துழாவிக்கொண்டு, நாள் முழுக்க யாரும் என்னை எதுவும் கேட்காமல் இருப்பேன்.' அரண்மனையில் இருந்துகொண்டு அடுப்புப் புகைக்கு ஏங்கும் இந்த மூடன் யார்? இவன் சிம்மாசனத்துக்கே துரோகி. மொட்டையடித்துக் கழுதைமேல் ஊர்வலம் விட வேண்டும்."

அரசன் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தடவினான்.

"முடியை இப்போதே இறக்கலாமா, கழுதை வந்த பிறகா?"

"அரசே?"

"அது என் ஓலை, கடம்பராயரே."

கடம்பராயர் கையிலிருந்த ஓலைகள் தரையில் சிதறின. அமைச்சர் முன்னே வந்தார்.

"வேறு ஆசை உள்ளவன் துரோகி என்றால், அரசே, இங்கே வாசல் காக்கக்கூட ஆள் மிஞ்சாது" என்றார். "ஆசைப்பட்டேன், உண்மைதான். அதற்காக ஒருநாளாவது சபைக்கு வராமல் இருந்தேனா?"

"இல்லை. நான் வராத நாளிலும் நீர் வந்தீர்" என்றான் அரசன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "கடம்பராயரே, வேறு தொழிலையே நினைத்துப் பார்க்காதவர் நீர் ஒருவர்தான். இந்தக் கரும்பு வெட்டு முடியும்வரை என் ஆலையில் பாகு துழாவும். எனக்குக் கொடுத்துவைக்காதது உமக்காவது கிடைக்கட்டும். திருமேனியாரே, ஆடிப்பெருக்குக்குள் நல்ல ஆள் ஒருவரைப் பழக்கிக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குப் போம். ஓடம் நான் செய்து தருகிறேன்."

அமைச்சர் வீட்டுக்கு வந்தபோது மனைவி உலகம்மை இரண்டு மூட்டைகளோடு கூடத்தில் நின்றிருந்தாள்.

"சிறை என்றால் துணிமணி இதில் இருக்கிறது. ஊரைவிட்டு ஓட வேண்டும் என்றால் அவலும் வெல்லமும் அதில்" என்றாள்.

அமைச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "இரண்டும் வேண்டாம், உலகம்மை. தப்பித்தோம்." ஒன்றுவிடாமல் எல்லாம் சொன்னார். கழுதை வந்த இடத்தில் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அரசரைக் கேட்டாயிற்று, ஆடு மேய்க்க ஆசைப்பட்டவரையும் கேட்டாயிற்று. என்னை யாராவது கேட்டீர்களா?"

நாட்டில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த மனிதர் காதைப் பிடித்துக்கொண்டார். "தப்புத்தான். சொல், நீ என்ன ஆவாய்?"

"முதலில் மூட்டையை அவிழ்க்கிறேன். நேற்றிலிருந்து இருவரும் பட்டினி. சாப்பிட்டுவிட்டு யோசித்துச் சொல்கிறேன்."

அன்று அந்த வீட்டில் இருவரும் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். அவர்கள் வயிறு குளிர்ந்த மாதிரி, கேட்டவர் வயிறும் குளிரட்டும்.