வலி தெரியாத கால்

பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் முனவ்வர் பாய் சூப்பர்வைசராக இருந்தார். தையல் பிரிவில் நாற்பது பேர் அவருக்குக் கீழே. தொழுகை தவறாதவர். வேலையில் கறார்.

அந்த நாற்பது பேரில் தஸ்லீமா என்று இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி. மூன்று முறை மெமோ வாங்கியவள். தையல் கோணும். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

அதே தஸ்லீமா ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலிமா ஸைத்தூனின் கொட்டகைக்குப் போய்க் கூலியில்லாமல் செருப்பு தைக்கிறாள் என்று அவர் கேள்விப்பட்டார். அவளோடு இன்னும் பதினைந்து இளைஞர்கள். சர்க்கரை நோயில் கால் மரத்துப்போனவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் செருப்புகள். அவள் தைத்த ஒரு செருப்பை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். முனவ்வர் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு மதியம் லுஹர் தொழுதுவிட்டு நேரே கொட்டகைக்குப் போனார்.

ஆலிமா ஸைத்தூன் அவரைவிடப் பத்து வயது இளையவர். மதரஸாவில் பெண்களுக்கு ஓதிக்கொடுப்பவர். தன் தந்தையின் கால் ஆறாத புண்ணால் எடுக்கப்பட்ட பிறகு, செருப்பு தைக்கக் கற்றுக்கொண்டவர்.

"ஆலிமா, நான் இன்சென்டிவ் குடுத்துப் பாத்துட்டேன். மெமோ குடுத்துப் பாத்துட்டேன். தலைக்கு மேல கேமராவும் இருக்கு. எனக்கு வராத வேலை உங்களுக்கு எப்படி வருது? இந்தப் பசங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கறீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க."

ஆலிமா வாசல் பக்கம் கையைக் காட்டினார். பெஞ்சில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தார். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குபவர். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

"முதல்ல இவருக்கு ஒரு ஜோடி தைச்சுக் குடுங்க, பாய்."

முனவ்வர் பாய் தரையில் உட்கார்ந்து அளவெடுத்தார். பாதத்தின் நடுவில் ஆறிப்போன தழும்பு ஒன்று இருந்தது. அதைச் சுற்றி மெல்ல அழுத்தினார்.

"வலிக்குதா?"

"தொட்டீங்களா பாய்?" என்றார் கன்னியப்பன். "எனக்கு ஒண்ணும் தெரியாது. போன வருஷம் ஆணி குத்தி, மூணு நாள் அதோடயே மூட்டை தூக்கினேன். ரத்தத்தைப் பாத்துட்டு என் பொண்ணுதான் அலறினா. அதுலதான் இந்த ரெண்டு விரலும் போச்சு."

முனவ்வர் பாய் ரப்பரை வெட்ட ஆரம்பித்தார்.

சற்றுத் தள்ளி தஸ்லீமா தைத்துக்கொண்டிருந்தாள். பத்துத் தையலுக்கு ஒருமுறை நிறுத்தி, செருப்புக்குள் கட்டைவிரலை விட்டுத் தடவினாள். பிறகு மீண்டும் தைத்தாள்.

"கம்பெனியில ஏம்மா இப்படித் தைக்கறதில்ல?" என்று கேட்டார்.

அவள் தயங்கினாள். "அங்க கேமரா பாக்குது, சார். அப்புறம் செக்கிங் டேபிள் பாக்குது. கடைசியில நீங்க பாக்கறீங்க. இங்க பாக்க யாரும் இல்ல. போடறவருக்கே தெரியாது. அதனால நான்தான் பாக்கணும்."

"ரப்பரும் நூலும் யார் வாங்கித் தர்றாங்க?"

"நாங்கதான், சார். பெருநாள் துணிக்கு வெச்சிருந்த காசுல. ஸகாத்னு ஏழைங்களுக்குப் பங்கு குடுக்கற அளவுக்கு எங்க வீட்டுல என்ன இருக்கு? கை இருக்கு."

முனவ்வர் பாய் வேலையைத் தொடர்ந்தார். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. லைனிங்கை ஒட்டி முடித்த பிறகு கட்டைவிரலால் உள்ளே தடவினார். குதிகால் பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. நூல் முடிச்சு. கடுகளவு. பிரித்தால் முழுதும் பிரிக்க வேண்டும். கன்னியப்பனோ காலையிலிருந்து காத்திருக்கிறார்.

கொடுத்துவிட்டார்.

கன்னியப்பன் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடந்தார். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு பாய்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தி மஃரிப் தொழுகையில் முனவ்வர் பாய் ஸுஜூதுக்குப் போனார். நெற்றி தரையில் பட்டது. மடங்கிய கால் விரலுக்கடியில் தொழுகைப் பாயின் கோரை ஒன்று பிசிறி நின்றது. சுருக்கென்றது. விரலைச் சற்று நகர்த்திக்கொண்டார்.

பிறகு அவரால் உடனே தலையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் மண்டிக்கு ஓடினார். லாரிக்குப் பக்கத்தில் கன்னியப்பன் வெங்காய மூட்டையோடு நின்றிருந்தார்.

"கன்னியப்பன், அந்தச் செருப்பைக் கழட்டுங்க."

"ஏன் பாய், நல்லாத்தானே இருக்கு?"

"உள்ள ஒரு முடிச்சு இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"உங்களுக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியும். நேத்தே தெரியும்."

மூட்டையை இறக்கி, அதன் மேலேயே அவரை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். குதிகாலில் துவரம்பருப்பு அளவில் சிவந்திருந்தது. தோல் இன்னும் உடையவில்லை. முனவ்வர் பாய் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க" என்றார்.

கன்னியப்பன் பதறிப்போனார். "என்ன பாய், பெரிய வார்த்தை எல்லாம் சொல்றீங்க?"

தரையில் கால் வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு, செருப்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். முழுதும் பிரித்தார். மறுபடி தைத்தார். உள்ளே இருமுறை தடவிப் பார்த்தார். திரும்பிப்போய்த் தன் கையாலேயே மாட்டிவிட்டார்.

இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக அன்று கம்பெனிக்குத் தாமதமாகப் போனார். கேட்டில் அவர் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

மாலையில் ஆலிமாவிடம் வந்து நடந்ததைச் சொன்னார்.

"கன்னியப்பன் குறை சொன்னாரா?" என்று கேட்டார் ஆலிமா.

"இல்ல."

"நான் சொன்னேனா?"

"நீங்க அதைப் பாக்கவே இல்லையே."

"அப்புறம் ஏன் ஓடினீங்க?"

முனவ்வர் பாய் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொன்று சொன்னார்.

"இங்க இது முடியும், ஆலிமா. காலைப் பாக்கறோம், அந்த மனுஷனோட முகத்தைப் பாக்கறோம். கை தானா நிதானமாயிடுது. கம்பெனி அப்படி இல்ல. எங்க ஷூவெல்லாம் பெட்டி பெட்டியா கப்பல்ல போகுது. எந்த ஊரோ, யார் போடறாங்களோ. அந்தக் கால்களை நாங்க யாரும் பாத்ததே இல்ல."

ஆலிமா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்:

"படைச்சவன் பாத்திருக்கான், பாய்."