செங்கமலத்துக்கு ஐந்து பதில்கள்

"நம்ம கடிதமெல்லாம் அடுத்தவன் வீட்டுல கிடக்குதே, இது சரியாம்மா?" என்று கேட்டார் பூவராகன்.

யசோதரை அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பூவராகனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

துக்கத்தில் இருப்பவர்கள் ஆறுதல் தேடி எழுதும் மடம் அது. எங்கெங்கிருந்தோ மின்னஞ்சல் வரும். ஒவ்வொன்றுக்கும் அம்மை பதில் சொல்வார், பூவராகன் அனுப்பிவைப்பார். முதல் கடிதத்திலேயே ஊரும் தெருவும் எழுதச் சொல்வது அம்மையின் வழக்கம். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார்.

மின்னஞ்சலுக்கு எதற்குத் தெருப் பெயர் என்று பூவராகன் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். இருபது வருடம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். காவி கட்டிய பிறகும் அந்த மிடுக்கு போகவில்லை.

"எவனோ ஒரு கம்பெனிக்காரன் ஜனங்களோட கண்ணீரையெல்லாம் வாங்கி வெச்சிருக்கான். மெயில் அனுப்ப, வாங்க நாமளே ஒரு சர்வர் வெச்சுக்கலாம்மா. இங்க, நம்ம மடத்துலயே."

"வெச்சுக்குங்க. போற கடிதம் போய்ச் சேருதான்னும் நீங்களே பார்த்துக்கணும்."

"அதை மெஷினே சொல்லிடும்மா."

அம்மை அடுத்த கீரைக்கட்டைப் பிரித்தார்.

நூலகத்து மூலையில் சர்வர் வந்தது. பூவராகனுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததும் பூஜைக்குப் போகிறாரோ இல்லையோ, அனுப்பிய கடிதங்களைப் பற்றி சர்வர் எழுதிவைத்த பதிவைப் பார்த்துவிடுவார். வரிக்கு வரி 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்றிருக்கும்.

செங்கமலம் என்றொருத்தி. ஒரே மகனைக் குளத்துக்குப் பறிகொடுத்தவள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வரி எழுதுவாள்.

"இந்த வாரமும் இருக்கேன் அம்மா."

அம்மையின் பதிலும் ஒரு வரிதான்.

"நானும் இருக்கேன்."

மூன்று வருடமாக ஒரு வெள்ளி தவறியதில்லை.

சர்வர் வந்த ஆறாவது வெள்ளியன்று செங்கமலத்தின் கடிதம் வரவில்லை. சனிக்கிழமையும் வரவில்லை.

"நம்ம பக்கம் தப்பே இல்லம்மா" என்று பூவராகன் ஆறு வாரப் பதிவையும் முழுதாக அச்செடுத்துக்கொண்டு வந்தார். "அஞ்சு பதிலையும் அவங்க பெட்டி வாங்கியிருக்கு. பாருங்க."

அம்மை தாளைப் பார்க்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"வாங்க."

மூன்று மணி நேரப் பஸ்.

நோட்டிலிருந்த தெருவைத் தேடிப்பிடித்துக் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. மறுபடி தட்டினார்கள்.

செங்கமலமே வந்து திறந்தாள். அம்மையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பதிலே வரலைங்கம்மா. அஞ்சு வாரம் பார்த்தேன். உங்களுக்கும் நான் சலிச்சுப்போயிட்டேன்னு நெனச்சேன்."

பூவராகன் அவள் போனை வாங்கிப் பார்த்தார். ஐந்து பதில்களும் குப்பைப் பெட்டியில் இருந்தன. முன்பின் தெரியாத புது இடத்திலிருந்து வந்தவை என்று அவளுடைய பெட்டி ஒதுக்கித் தள்ளியிருந்தது.

நானும் இருக்கேன். ஐந்து தடவை. ஒன்றையும் யாரும் திறக்கவில்லை.

பூவராகன் தெருவென்றும் பாராமல் அழுதார்.

அம்மை அன்று செங்கமலத்தின் கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டார். பிறகுதான் கிளம்பினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பூவராகன் சொன்னார்.

"பழைய கம்பெனிக்கே போயிடலாம்மா. எல்லாம் என் திமிர்."

"அங்க இருந்தப்ப, போய்ச் சேர்ந்துச்சான்னு பார்த்தீங்களா?"



பூவராகன் பைக்குள்ளிருந்து அச்செடுத்த தாளை மெல்ல எடுத்தார். இந்த முறை 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற சொல்லை அவர் தேடவில்லை. எழுதிக்கொண்டே இருந்து, சட்டென்று நிறுத்திவிட்டவர்கள் யார் யார் என்று பார்த்தார். பதினொரு பேர் இருந்தார்கள்.

அம்மை நோட்டை நீட்டினார்.

அந்தப் பதினொரு பேரில் முதல் பெயருக்கு எதிரே இருந்த ஊரைப் பூவராகன் படித்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்; அந்த ஊர்தான் வந்துகொண்டிருந்தது. எழுந்தார்.

"கண்டக்டர், அடுத்த ஸ்டாப்புல எறங்கணும்."

அம்மை கால்களை ஒதுக்கி அவருக்கு வழிவிட்டார்.